வீடியோ கேம் துறையில் வர்த்தகச் சங்கம் என்னதான் செய்கிறது?

சந்தையில் மோதிக்கொள்ளும் சோனி, நின்டெண்டோ, மைக்ரோசாஃப்ட் ஆகியவை அமெரிக்காவின் எண்டர்டெயின்மெண்ட் சாஃப்ட்வேர் அசோசியேஷன் என்ற வர்த்தகச் சங்கத்தில் ஒன்றாக உறுப்பினராக இருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கான விடை அச்சங்கம் பிறந்த கதையிலேயே இருக்கிறது.

1993 டிசம்பரில், 'மார்ட்டல் காம்பாட்' போன்ற விளையாட்டுகளின் வன்முறை குறித்து அமெரிக்க செனட் விசாரணை நடத்தியது. துறை தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளாவிட்டால் அரசே தலையிடும் என்ற மிரட்டலும் எழுந்தது. எந்த நிறுவனமும் தனித்து நின்று சமாளிக்க இயலாத இந்நெருக்கடியால் 1994இல் சங்கம் உருவானது. வயதுத் தரமதிப்பீட்டு வாரியமான இ.எஸ்.ஆர்.பி.யும் அவ்வாண்டே தொடங்கப்பட்டது. விளையாட்டுப் பெட்டியின் முன்புறக் கீழ்மூலையில் கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்குள் காணப்படும் 'எம்' என்ற எழுத்து, பதினேழும் அதற்கு மேலும் வயதுடையோருக்கு உரியது என்பதைக் குறிக்கும். அது அரசு முத்திரை அன்று, துறையே வகுத்துக்கொண்ட ஏற்பாடு.

சங்கத்தின் உண்மையான பலம் நீதிமன்றத்தில்தான் தெரிந்தது என்பேன். வன்முறை விளையாட்டுகளைச் சிறாருக்கு விற்பதைத் தடைசெய்து கலிஃபோர்னியா 2005இல் இயற்றிய சட்டத்தை எதிர்த்து, விற்பனையாளர் சங்கத்தோடு சேர்ந்து அது வழக்காடியது. 2011இல் உச்ச நீதிமன்றம், விளையாட்டுகளுக்கும் கருத்துச் சுதந்திரப் பாதுகாப்பு உண்டு என்று கூறி, 7-2 என்ற பெரும்பான்மையில் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது.

1995இல் தொடங்கிய இ3 என்ற வீடியோ கேம் கண்காட்சியையும் இச்சங்கமே நடத்தியது. அது நிரந்தரமாக முடிந்துவிட்டதாக 2023இல் அறிவித்தது.

எனினும், இது விளையாடுவோரின் சங்கம் அன்று. விற்பனையில் இல்லாத பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து அணுக நூலகங்கள் வழிசெய்ய அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை இச்சங்கம் எதிர்த்தது. 2024இல் அக்கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.