காகிதப்பூவில் முள்ளும் பூவும் ஒரே இடத்தில்தான்

கேள்வி: மொட்டை மாடியில் தொட்டியில் காகிதப்பூச் செடி வைத்து ஒரு வருடம் ஆகிறது. நர்சரியில் வாங்கும்போது கொத்துக் கொத்தாகப் பூ இருந்தது. இப்போது நீள நீளமான கிளைகள், இலை, முள் மட்டும்தான். தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், மாதாமாதம் யூரியாவும் போடுகிறேன். செடியில் என்ன கோளாறு?

பதில்: செடி நன்றாகவே இருக்கிறது. சாப்பாடுதான் கூடிப்போய்விட்டது.

ஒரு முள்ளைக் கிட்டத்தில் பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கிலிருந்துதான் அது கிளம்பும். பூங்கொத்து வருவதும் அதே இடுக்கிலிருந்துதான். அங்கே உள்ள மொட்டு முள்ளாகவும் ஆகலாம், பூங்கொத்தாகவும் ஆகலாம். இந்தச் செடியில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. தண்ணீரும், யூரியா தரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் செடி கிளையை நீட்டுவதிலேயே குறியாக இருக்கும், இடுக்கெல்லாம் முள்ளாகிவிடும்.

பூ வந்ததும் ஒரு கொத்தைக் கையில் எடுத்துப் பிரித்துப் பாருங்கள். ஊதாவாகவோ சிவப்பாகவோ தெரியும் மூன்றும் பூவிதழ்கள் அல்ல, நிறம் மாறிய இலைகள். பூவடிச் செதில் என்போம். இலை போலவே நரம்பு ஓடுவது தெரியும். ஒவ்வொன்றின் நடுநரம்பிலும் மெல்லிய குழல் ஒன்று ஒட்டியிருக்கும், நுனி வெள்ளை நட்சத்திரமாக விரியும். அதுதான் உண்மையான பூ. அடுக்கு ரகங்களில் இதைக் காண்பது அரிது.

சரி, இனி என்ன செய்யலாம்? யூரியாவை உடனே நிறுத்துங்கள். மேல்மண் நன்றாகக் காய்ந்து, இலை லேசாகத் துவளும்போது மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். அப்போது தொட்டியின் அடித்துளையில் நீர் வழியும்வரை ஊற்ற வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படட்டும். பக்கத்துச் சுவரின் நிழல் விழுந்தால் தொட்டியை நகர்த்துங்கள். பூ புதுத் துளிரில்தான் வரும். அதனால் நீண்ட கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். கையுறை கட்டாயம், முள் நன்றாகவே கிழிக்கும்.

பெரிய தொட்டிக்கு மாற்ற அவசரப்பட வேண்டாம். வேர் கொஞ்சம் நெருக்கமாக இருப்பது பூவுக்கு நல்லதே. அப்புறம், இதன் வேர்கள் எளிதில் ஒடியும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் மண்கட்டி உடையாமல் அப்படியே தூக்கி வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பூ குறைந்தால் பதற வேண்டாம். மழை விட்டு வெயில் ஏறும் தை, மாசியில் பாருங்கள்.