அப்பாவின் பாடல்களும் மூன்று பிள்ளைகளும்

செந்தூல் வாசகி ஒருவரின் கேள்வி: எங்கள் அப்பா 1960, 70களில் புகழ்பெற்ற இன்னிசைக் குழுவை நடத்தியவர், பாடல்களை அவரே எழுதி இசையமைத்தார். 2009இல் உயில் எழுதாமல் காலமானார். அம்மா அதற்கு முன்பே தவறிவிட்டார். ஒத்திகைச் சத்தத்திலேயே வளர்ந்த நான்தான் ஒலிநாடாக்களைக் காப்பாற்றி வந்தேன். அப்பாவை எட்டிப் பார்க்காத தம்பி, என்னையும் அக்காவையும் கேட்காமல் ஒரு நிறுவனத்துக்குப் பாடல்களின் உரிமத்தைக் கொடுத்துப் பணம் வாங்கியிருக்கிறான். வழக்குத் தொடரலாமா?

பதில்: தம்பி அப்பாவைக் கவனித்தாரா என்பது நீதிமன்றத்துக்குத் தேவையில்லை அம்மா. நாடாக்கள் உங்கள் வீட்டில் இருப்பதாலும் உரிமை வந்துவிடாது. பாடல்களின் பதிப்புரிமை இன்று யாரிடம் இருக்கிறது என்பது ஒன்றே கேள்வி.

அப்பா எந்த இசைத்தட்டு நிறுவனத்துக்காவது உரிமையை எழுதிக் கொடுத்தாரா என்று முதலில் பழைய தாள்களில் தேடுங்கள். கொடுக்கவில்லை என்றால் வரிகளும் மெட்டும் 2059 இறுதிவரை அவருடைய சொத்தைச் சேர்ந்தவை. ஒலிப்பதிவின் உரிமை தனி; 1972இல் வெளிவந்த இசைத்தட்டுக்கு அது 2022உடன் முடிந்துவிட்டது. எல்.ஏ. (உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தை நிர்வகிக்கத் தரப்படும் அதிகாரப் பத்திரம்) வாங்காதவரை உங்கள் தம்பிக்கு உரிமம் தரும் அதிகாரம் இல்லை, உங்களுக்கு வழக்குத் தொடரும் தகுதியும் இல்லை.

என் கட்சிக்காரர்கள் விழுந்த குழி இதற்குப் பிறகுதான் வருகிறது. எல்.ஏ. வாங்கி, வீட்டையும் வங்கிப் பணத்தையும் பங்கிடுவதுபோல் பதிப்புரிமையையும் ஆளுக்கு மூன்றில் ஒன்றாகப் பிரித்துக்கொண்டு, இனி நம்மைக் கேட்காமல் யாரும் கையெழுத்திட முடியாது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்வது அதற்கு நேர் எதிரானது: கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் தரும் உரிமம் மற்றவர்களும் தந்ததாகவே கொள்ளப்படும். வரும் பணத்தில் நியாயமான பங்கைக் கேட்கலாமே தவிர, கொடுத்ததைத் தடுக்க முடியாது. வழக்குச் செலவு செய்து பங்கு பிரித்தபின், இன்று அதிகாரமில்லாமல் செய்ததையே தம்பி நாளை சட்டப்படி செய்வார்.

ஆகவே வழக்கு வேண்டாம், சமரசம் செய்துகொள்ளுங்கள். பங்கு பிரிக்கும் முன், மூவரும் கையெழுத்திடாமல் எந்த உரிமமும் தருவதில்லை என்று எழுத்துமூலம் உடன்படுங்கள்; பதிப்புரிமை முழுவதையும் மூவரும் சமபங்கு வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் பெயருக்கு மாற்றினால் இன்னும் நல்லது. தம்பி செய்த ஒப்பந்தத்தின் நகலைப் பெற்று, அதில் திருத்த வேண்டியதைத் திருத்தி, அவரையும் உள்ளே வைத்தே முடியுங்கள். முன்பணமாக வந்த தொகையில் முதல் செலவு ஒலிநாடாக்களை டிஜிட்டலுக்கு மாற்றுவதாக இருக்கட்டும், ஏனெனில் நம் ஊர் ஈரத்தில் நாடாவில் பூஞ்சை படிவது வழக்குத் தேதிகளுக்காகக் காத்திருக்காது.