காம்போதிக்கு என்ன குறைச்சல்?

கேள்வி: ‘மரி மரி நின்னே’ தியாகராஜர் காம்போதி ராகத்தில் செய்த கீர்த்தனை. ‘சிந்து பைரவி’யில் அதைச் சாரமதி ராகத்துக்கு மாற்றிவிட்டார் இளையராஜா. ஊரறிந்த கீர்த்தனையைப் படத்தில் சேர்ப்பதென்றால் உள்ளபடியே சேர்க்க வேண்டியதுதானே? காம்போதியில் பாடினால் என்ன குறைந்துவிடும்?

பதில்: காட்சியே போய்விடும். மேடையில் நிற்கும் பெண் ‘பாடறியேன் படிப்பறியேன்’ என்று நாட்டுப்புறச் சாயலில் தொடங்குகிறாள். அதே மூச்சில் தியாகராஜருக்குப் போக வேண்டும். இரண்டும் வேறல்ல என்பதுதான் அவள் கட்சி. நடுவில் ஒட்டுத் தெரிந்தால் கட்சி தோற்றது.

வீட்டில் ஆர்மோனியம் இருந்தால் ஒரு கட்டைச் சுருதியில் (‘ச’ முதல் வெள்ளைக் கட்டையில்) வைத்துப் பாருங்கள். காம்போதியின் அந்தர காந்தாரமும் (பெரிய ‘க’) சதுச்ருதி தைவதமும் (பெரிய ‘த’) வெள்ளைக் கட்டையில் விழும். சாரமதிக்கு அவை இரண்டும் இடப்பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு இறங்கும். ரி, ம, ப, நி பெரும்பாலும் பொது. சாரமதியில் போய்க்கொண்டிருக்கும் பாட்டில் திடீரென்று வெள்ளைக் கட்டைக் காந்தாரம் கேட்டால் தெருவில் போகிறவர்கூடத் திரும்பிப் பார்ப்பார்.

‘கிராமத்துப் பாட்டையே காம்போதியில் போட்டிருக்கலாமே’ என்பீர்கள். போடலாம், ஆனால் குட்டு உடைந்துவிடும். நம் சபாக்களில் காம்போதியை முதல் வரியிலேயே கண்டுபிடிக்காத முன்வரிசை உண்டா? சாரமதி அப்படியல்ல. கச்சேரியில் அடிக்கடி காதில் விழுவது ‘மோக்ஷமு கலதா’ என்ற கீர்த்தனை ஒன்றுதான். ராகம் பிடிபடுவதற்குள் கீர்த்தனை வந்து நிற்கும். போதாததற்கு, ‘மறுபடி மறுபடி உன்னிடமே முறையிட்டும் உன் மனசில் இரக்கம் வரவில்லையே’ என்பது பல்லவி. காம்போதியின் கம்பீரத்தைவிட அந்த முறையீட்டுக்குச் சின்னக் காந்தாரம் பொருந்துகிறது என்பது என் கட்சி.

கட்டையை மாற்றி அழுத்தினால் ராகம் மாறிவிடும் என்று எண்ண வேண்டாம். காம்போதி இறங்கும்போது ப, ரி இரண்டும் உண்டு. சாரமதி ‘ச நி த ம க ச’ என்று இரண்டையும் தாண்டி இறங்கும். ஆகவே சாகித்யத்தின் (பாட்டு வரிகளின்) ஒவ்வொரு எழுத்துக்கும் புதிதாக இடம் பார்த்து உட்கார வைத்தாக வேண்டும். 1985-இல் அந்தப் படத்துக்காக இளையராஜாவுக்கும், இந்தப் பாட்டுக்காகச் சித்ராவுக்கும் தேசிய விருது கிடைத்தது சும்மா இல்லை.

நஷ்டமும் உண்டு, மறுக்கவில்லை. படம் பார்த்துவிட்டு, கீர்த்தனையே சாரமதி என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒட்டுப் போட வேண்டாத இடத்தில் ராகத்தில் கைவைக்க அவசியமில்லை. 2000-இல் வந்த ‘அலைபாயுதே’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் தாளக்கட்டைத்தான் புதிதாக்கினார்; ஊத்துக்காடு வேங்கடகவியின் ‘அலைபாயுதே கண்ணா’ பாட்டு அதன் கானடா ராகத்திலேயே இருக்கிறது.

அப்புறம், ‘உள்ளபடியே’ என்கிறீர்களே. ஆபேரி ராகத்தில் உள்ள தியாகராஜரின் ‘நகுமோமு’ கீர்த்தனையை இன்று அநேகமாக எல்லோரும் சதுச்ருதி தைவதத்தில்தான் பாடுகிறார்கள். பழைய ஆபேரிக்குச் சுத்த தைவதம் (சின்ன ‘த’). அதை எந்த சினிமாக்காரர் மாற்றினார்?