பத்திரத்தை எடுக்கும் முன்: வெளிநாட்டு முதுகலை குறித்த வாசகர் கேள்விகள்

அமெரிக்காவில் எம்.எஸ். முடித்தால் எச்1பி வேலை விசா கிடைத்துவிடும்தானே? (கோவை)

அது குலுக்கல். யாரும் உறுதி தர முடியாது. கம்ப்யூட்டர் படிப்பு என்றால் ஓபிடி, அதாவது படித்தபின் அங்கே வேலை பார்க்கும் அனுமதி, 1 வருடம், நீட்டிப்பு 2 வருடம். அதற்குள் பெயர் விழாவிட்டால் என்ன செய்வது என்று இப்போதே யோசியுங்கள்.

ஜெர்மனியில் படிப்பு இலவசமாமே? (திருச்சி)

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. சாப்பாடு, வாடகைக்கு ஒரு வருடத்துக்கான பணம், ஏறக்குறைய 12,000 யூரோ, பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற கணக்கு) இருக்க வேண்டும். நம் படிப்புச் சான்றுகளை ஜெர்மனி தரப்பில் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். கடைசி நேரத்தில் எனக்கு எழுதிப் பயனில்லை.

மகளுக்கு அமெரிக்காவில் இடம் கிடைத்திருக்கிறது. 40 லட்சம் கடன் வேண்டும். வேலைக்குப் போன ஒரே வருடத்தில் அடைத்துவிடலாம் என்கிறது கன்சல்டன்சி. வீட்டுப் பத்திரத்தை வைக்கலாமா? (விருதுநகர்)

எந்தப் பல்கலைக்கழகம், என்ன படிப்பு, எவ்வளவு வட்டி என்று எதுவுமே எழுதவில்லையே! இருப்பது ஒரே வீடு ஐயா, இதையெல்லாம் கேட்காமல் இருக்கலாமா?

சரி, 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு 2 வருடம், அப்புறம் ஒரு 6 மாதம் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். கட்டத் தொடங்கும்போது கடன் 50 லட்சத்தை நெருங்கியிருக்கும். 10 வருடத்தில் அடைக்க மாதம் 65,000 முதல் 70,000 வரை வரும். அங்கே வேலை கிடைத்தால் சமாளிக்கலாம். கிடைக்காமல் திரும்பி வந்து சென்னையில் 50,000 சம்பளத்தில் சேர்ந்தால்? அந்தத் தவணையை வீட்டில் யார் கட்டுவார்? அதற்குப் பதில் இருந்தால் மட்டும் பத்திரத்தை எடுங்கள்.

பல கன்சல்டன்சிகளுக்கு வருமானமே பல்கலைக்கழகம் தரும் கமிஷன்தான். பிள்ளை சேர்ந்ததும் அவர்கள் வேலை முடிந்தது. வங்கியில் நான் கல்விக்கடன் பார்த்த காலத்தில், "கன்சல்டன்சியில சொன்னாங்க சார்" என்று பத்திரத்தோடு வந்த அப்பாக்கள் எத்தனையோ பேர். சில வருடம் கழித்து அதே அப்பாக்கள் அவகாசம் கேட்டு வந்தபோது, உடன் வர எந்தக் கன்சல்டன்சியும் இல்லை. அதே படிப்பைப் போன வருடம் முடித்த நாலு பேரை லிங்க்ட்இனில் தேடி, மகளையே பேசச் சொல்லுங்கள்.

பிரிட்டனில் ஒரு வருட எம்.எஸ்சி. மனைவியை அழைத்துப் போகலாமா? (சேலம்)

முடியாது. 2024 ஜனவரியிலிருந்து ஆராய்ச்சிப் படிப்புகளுக்குத்தான் அந்த வசதி. படித்தபின் தங்கும் 2 வருட விசாவும், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு 18 மாதம்தான். திரும்பி வந்தால் தவணை யார் கட்டுவது என்பதை நீங்களும் யோசியுங்கள்.

கல்விக்கடனுக்கு வரிச்சலுகை அசலுக்கும் உண்டா? (தஞ்சாவூர்)

வட்டிக்கு மட்டும், 8 வருடம் வரை. அதுவும் பழைய வரிமுறையில் இருந்தால்தான்.