கறிவேப்பிலைப் புழு, அரணை, கோயில்காடு: வாசகர் கேள்விகள்

கேள்வி: கறிவேப்பிலைக் கன்றில் பறவை எச்சம் மாதிரி புழுக்கள் ஒட்டிக்கொண்டு இலையைத் தின்கின்றன. என்ன மருந்து அடிக்கலாம்?

எதுவும் அடிக்காதீர்கள், தயவுசெய்து. அவை எலுமிச்சை அழகி அல்லது கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். இவை கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை என்று ஒரே குடும்பத்துச் செடிகளைத் தேடித்தான் முட்டையிடும், சம்பந்தமில்லாத செடியில் எடுத்து விட்டால் புழு பட்டினியில் செத்துவிடும். எச்சம் மாதிரி இருப்பது பறவைகளை ஏமாற்றத்தான். கடைசிப் பருவத்தில் பச்சையாகிவிடும், அப்போது மெல்லத் தொட்டுப் பாருங்கள், தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு நீண்டு வாடை அடிக்கும். சில வாரங்களில் கூட்டுப்புழுவாகிவிடும், கறிவேப்பிலையும் மறுபடி துளிர்க்கும். கன்று ரொம்பச் சின்னது என்றால் மட்டும் புழுவை இலையோடு பறித்து எலுமிச்சைக்கு மாற்றுங்கள்.

அப்புறம், வண்ணத்துப்பூச்சி வரட்டும் என்று உண்ணிச்செடி வாங்கி வைக்காதீர்கள். அதன் பூவுக்குப் பூச்சிகள் வரும், உண்மைதான். ஆனால் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அந்தச் செடி முதுமலைக் காட்டில் புல்லை வளரவிடாமல் புதராக மண்டிக் கிடக்கிறது, விதையைப் பறவைகளே பரப்பிவிடுகின்றன. சிவப்பு இட்லிப்பூ வையுங்கள், போதும்.

கேள்வி: முருங்கையில் ஒரு கிளை பட்டுப்போச்சு. வெட்டிவிடலாமா?

யார் தலையிலும் விழாது என்றால் விட்டுவிடுங்கள். செம்மார்புக் குக்குறுவான் அந்த மாதிரிக் கிளையில்தான் பொந்து குடையும். வெயில் நேரத்தில் டொங் டொங் என்று விடாமல் கேட்குமே, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர்.

கேள்வி: குழந்தைகள் விளையாடும் இடத்தில் அரணை திரிகிறது. கடித்தால் மரணம் என்கிறார் மாமியார்.

அரணைக்கு விஷமே கிடையாது. பூச்சிகளைத் தின்று வாழ்கிற சாது, ஆளைக் கண்டாலே ஓடிவிடும். அது ஒளிய வேலியோரம் கொஞ்சம் சருகை விட்டுவையுங்கள், கூட்டிக் கொளுத்த வேண்டாம். பாம்பு வந்தால் மட்டும் கிட்டே போகாமல் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள். எலி பிடிக்கிற சாரையை அடித்துக் கொல்வது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: பறவைக்குத் தண்ணீர் வைத்தால் கொசு வராதா?

முட்டை கொசுவாக ஒரு வாரமாவது ஆகும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவினால் வராது. அகலமான மண்தட்டு, 2 அங்குல ஆழம், தேனீ உட்கார நடுவில் ஒரு கல். பூனை பதுங்கும் புதருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கேள்வி: ஊர்க் கோயில்காட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாலும் ஒன்றும் கண்ணில் படவில்லையே?

நடக்காமல் உட்காருங்கள். ஆலோ அத்தியோ பழுத்திருக்கிறதா என்று விசாரித்து, விடிந்ததும் மரத்துக்குச் சற்றுத் தள்ளி அசையாமல் இருந்தால் குயில், மைனா, பச்சைப்புறா, குக்குறுவான் எல்லாம் தானே வந்து சேரும். பாறைமேல் விதை விதையாக எச்சம் கிடந்தால் ராத்திரி மரநாய் வந்து போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கரூர், திண்டுக்கல் பக்கம் என்றால் தேவாங்குகூட இருக்கலாம், கடவூரில் 2022-ல் அதற்கென்றே சரணாலயம் அறிவித்தார்கள். டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு போங்கள், அதன் கண் மின்னும், பார்த்ததும் வெளிச்சத்தைத் திருப்பிவிடுங்கள். ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது. கூடு கட்டும் காலத்தில் எதிரி வந்துவிட்டதென்று நினைத்து, முட்டையையும் குஞ்சையும் விட்டுவிட்டு அது விரட்டக் கிளம்பிவிடும்.