டிராஃப்டில் ஐந்து ஸ்டாரை நம்பலாமா?

கேள்வி: பேஸ்பால் அணியை நிர்வகிக்கும் ‘அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்’ என்ற கணினி விளையாட்டை ஆடுகிறேன். ஐந்து ஸ்டார் பொட்டென்ஷியல் (எட்டக்கூடிய உச்சத் திறமை) என்று, புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் எடுத்த 18 வயதுப் பையன், இரண்டே சீசனில் இரண்டரைக்கு இறங்கிவிட்டான். ஏன்?
– வாசகர், கோவை

பதில்: திரையில் தெரிவது உங்கள் ஸ்கவுட்டின் (வீரர்களைப் பார்த்து மதிப்பிடுபவர்) கணிப்பு, பையனின் உண்மையான உச்சம் அல்ல. அந்தக் கணிப்பே தப்பாக இருந்திருக்கலாம். திறமையே நிஜமாகக் குறைந்தும் இருக்கலாம். காயம் அதற்கு முக்கியக் காரணம். போதாததற்கு, ‘டேலண்ட் சேஞ்ச் ராண்டம்னெஸ்’ என்ற அமைப்பும் (இயல்பு அளவு 100) அவ்வப்போது திறமையைக் கூட்டிக் குறைக்கும்.

முதலில் வீரரின் விவரப் பக்கத்தில் ஸ்கவுட்டிங் துல்லியம் என்ன என்று பாருங்கள். குறைவாக இருந்தால் ஸ்கவுட்டை அனுப்பி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கவுட்டிங் பட்ஜெட்டில் அமெச்சூர் (டிராஃப்டுக்கு வரும் பள்ளி, கல்லூரி வீரர்கள்) பங்கையும் உயர்த்துங்கள். பிறகு ஓ.எஸ்.ஏ. (எல்லா அணிகளுக்கும் விளையாட்டே தரும் பொது ஸ்கவுட்டிங்) மதிப்பீட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகும் பையனே எங்கள் தேர்வு. உங்கள் ஸ்கவுட் ‘டூல்ஸ்’ (இன்றைய ஆட்டத்தைவிட இயல்பான திறன்) பக்கம் சாய்பவர் என்றால், பள்ளிப் பையன்களின் பொட்டென்ஷியலைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும்.

ஸ்டார்களை விட்டுவிட்டு, ஒவ்வொரு திறனையும் எண்ணால் காட்டும் 20-80 அளவுகோலுக்கு மாறுங்கள். 50 என்பது மேஜர் லீக் சராசரி. பவர் (ஓங்கி அடிக்கும் வலு) 70, கான்டாக்ட் (பந்தைச் சரியாக அடிக்கும் திறன்) 35 என்றிருக்கும் முதல் பேஸ் ஆட்டக்காரரும், கான்டாக்ட் 55, ‘ஐ’ (பந்தைக் கணிக்கும் கண்) 55 உள்ள நல்ல ஷார்ட்ஸ்டாப்பும் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே தடுப்பவர்) ஒரே ஸ்டாரில் நிற்கலாம். நாங்கள் தயங்காமல் இரண்டாமவரை எடுப்போம். மட்டை எதிர்பார்த்தபடி வளராவிட்டாலும், அவர் கையுறை, அதாவது தடுப்பாட்டம், அணியில் இடம் வாங்கித் தரும். முதலாமவருக்கு மட்டையைத் தவிர வேறு போக்கிடமில்லை.

கேள்வி: பந்தெறியும் பிட்சர்களுக்கும் இதே கணக்கா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இல்லை. ஸ்டஃப் (பந்தின் வீரியம்), மூவ்மென்ட் (பந்தின் அசைவு), கன்ட்ரோல் (குறி தவறாமை) மூன்றின் பொட்டென்ஷியலோடு பந்து வகைகளையும் எண்ணுங்கள். தேறக்கூடிய மூன்று வகையும் போதிய ஸ்டாமினாவும் இல்லாதவர், ஸ்டஃப் 70 ஆனாலும் ரிலீவர்தான் (ஆட்டத்தின் நடுவே மாற்றாக வந்து எறிபவர்). முதல் சுற்றுக்குத் தேவையில்லை. கன்ட்ரோல் பொட்டென்ஷியல் 40-க்குக் கீழே என்றால் நாங்கள் தொடமாட்டோம், ‘வாக்’ (குறி தவறிய நான்கு பந்துகளால் எதிரணிக்குச் சும்மா கிடைக்கும் முதல் பேஸ்) ஒன்றே ஆளைக் கவிழ்த்துவிடும்.

கடைசியாக ‘ஒர்க் எதிக்’ (உழைப்பு மனப்பான்மை), காய வாய்ப்பு, கேட்கும் ஒப்பந்தத் தொகை ஆகியவற்றைப் பாருங்கள். ‘ஸ்லாட்’ என்று போட்டிருந்தால் அந்த இடத்துக்கான தொகையில் கையெழுத்திடுவார். ‘இம்பாசிபிள்’ என்றிருந்தால் கல்லூரிக்குப் போய்விடுவார், அவரைக் கடந்து அடுத்த பெயருக்குப் போங்கள்.