ஐ.டி. வேண்டாம், ஹை வோல்டேஜ் போதும் என்கிறாளா?

ஐயா, வணக்கம். இ.இ.இ. முடிக்கப்போகும் மகள் உயர் மின்னழுத்த அளவீட்டில்தான் எம்.இ. படிப்பேன் என்கிறாள், இதற்கெல்லாம் வேலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் இடங்கள் குறைவு.

400 கிலோவோல்ட் லைனில் மீட்டரை நேரடியாக மாட்ட முடியாது. வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று அதை 110 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும். அதில் 0.2 சதவீதம் பிசகினால் ஒரு கோடி யூனிட்டுக்கு 20,000 யூனிட் கணக்கு தவறும். மின்சாரம் விற்பவர், வாங்குபவர் இருவரில் ஒருவருக்கு நஷ்டம். அதனால் அந்த டிரான்ஸ்ஃபார்மரைச் சோதிக்க இன்னும் துல்லியமான கருவி, அதைச் சோதிக்க அதைவிடத் துல்லியமானது என்று போய், கடைசியில் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில்தான் நிற்கும்.

இந்தச் சோதனைகளில் ஒப்பிட்டுப் பார்க்க மாறாத அளவுகோல் ஒன்று வேண்டும். அதற்கு அச்சாணி, அழுத்திய வாயு அடைத்த கெப்பாசிட்டர், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் கருவி. ஷேரிங், ஃபீவெக் என்ற இரு விஞ்ஞானிகள் 1928-இல் ஜெர்மனியில் கொண்டுவந்த வடிவம். இன்றும் அடிப்படை அதுதான். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள், இடையில் பெரும்பாலும் எஸ்.எஃப்.6 (சல்ஃபர் ஹெக்சாஃப்ளூரைடு) என்ற, மின்சாரம் கடத்தாத வாயு. உள் உருளை மையத்திலிருந்து மயிரிழை விலகியிருந்தாலும், வோல்டேஜ் ஏற ஏற மின்விசை அதை இழுத்து கெப்பாசிட்டன்ஸை, அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் திறனை, துளி மாற்றிவிடும். அந்தத் துளி எவ்வளவு என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. எடுத்த அளவையே திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும், அறை வெப்பநிலையைக் குறிக்க வேண்டும், பிழை எங்கிருந்தெல்லாம் வரலாம் என்று பட்டியல் போட வேண்டும். இந்தப் பொறுமை உள்ள பிள்ளைகள் அபூர்வம். உங்கள் மகளுக்கு இருந்தால் தடுக்காதீர்கள்.

கரண்ட் அடித்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. ஆனால் ஒழுங்கான லேபில் சோதனை இடத்தைச் சுற்றியுள்ள வேலியின் கதவு திறந்தாலே சப்ளை நின்றுவிடும். மிச்ச மின்னூட்டத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் ராடு மாட்டாமல் யாரும் உள்ளே கை வைக்க மாட்டார்கள்.

கேட் தேர்வை நன்றாக எழுதச் சொல்லுங்கள். கிண்டி பொறியியல் கல்லூரியில் ஹை வோல்டேஜ் எம்.இ. இருக்கிறது. அப்புறம் பெங்களூரு சி.பி.ஆர்.ஐ. (மத்திய மின்சக்தி ஆராய்ச்சி நிறுவனம்), வதோதராவில் உள்ள எர்டா என்ற மின்துறை ஆராய்ச்சி அமைப்பு, லேப்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அளவுத்திருத்த (கருவிகளின் துல்லியத்தைச் சரிபார்க்கும்) லேப்கள், டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனிகளின் சோதனைப் பிரிவுகள் என்று முயலலாம். தேசிய ஆய்வகத்தில் விஞ்ஞானியாக வேண்டுமென்றால் பிஎச்.டி.க்கும் தயாராக இருக்கட்டும். ஆரம்பச் சம்பளம் ஐ.டி.யோடு போட்டி போடாமல் போகலாம். அதையும் வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

சேருவதற்கு முன் பக்கத்து அளவுத்திருத்த லேப் ஒன்றில் சில வாரம் பயிற்சிக்குக் கேட்டுப் பார்க்கட்டும். பிடித்திருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.